எலிக்கு எச்ஐவி வராது: மூளை ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எச்ஐவி மூளையை எப்படிக் கெடுக்கிறது என்று விலங்குகளில் ஆராய்ந்த கட்டுரையை எடுத்ததும் முடிவுரைக்கு ஓடுவார்கள். நான் விடமாட்டேன். "எந்த விலங்கு? அதற்குள் இருப்பது முழு வைரஸா, அதன் துண்டா? சொல்லிவிட்டு மேலே போ" என்பேன்.

எச்ஐவி சாதாரண எலியையோ சுண்டெலியையோ தொற்றாது. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது சிடி4 என்ற புரதத்தை; இவற்றின் சிடி4-இல் அதனால் ஒட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு விலங்கு மாதிரியும் ஒரு சுற்றுவழிதான். 1994-இல் வெளியான ஜிபி120 சுண்டெலியில் வைரஸே கிடையாது. வைரஸின் உறைப்புரதமான ஜிபி120-ஐ மட்டும், மூளையில் நியூரான்களுக்கு (நரம்பு செல்களுக்கு) துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் சுரக்கும். இந்தப் புரதம் தனியாக நியூரானைக் கெடுக்குமா என்று கேட்க அருமையான விலங்கு. ஒரு மருந்து மூளையில் வைரஸ் பெருகுவதைத் தடுக்குமா என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. ஈக்கோஎச்ஐவி என்ற, ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்த வைரஸ் இதற்கு நேரெதிர்: உறைப்புரதத்தைச் சுண்டெலி வைரஸுடையதாக மாற்றியிருப்பார்கள். தொற்று உண்டு, ஜிபி120 இல்லை. மனிதனுக்கு மிக அருகில் வருவது எஸ்ஐவி (எச்ஐவியின் உறவான குரங்கு வைரஸ்) தொற்றிய மக்காக் குரங்கு. ஆனால் சில ஆய்வுகளில் வைரஸை அடக்கும் சிடி8 நோயெதிர்ப்பு செல்களை வேண்டுமென்றே ஒழித்து நோயை வேகப்படுத்தியிருப்பார்கள். அந்த வேகத்தை நோயாளியின் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

அடுத்து படங்களுக்குப் போங்கள். மூளையில் எச்ஐவி பெருகுவது நியூரானில் அல்ல. மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளியாவிலும், ரத்தக் குழாயை ஒட்டி நின்று கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜிலும்தான். நியூரான் பக்கத்து வீட்டுச் சண்டையில் அடிபடுகிறவன் மாதிரி: தொற்றிய செல்கள் கக்கும் நச்சிலும் அழற்சியிலும் அதன் இணைப்புகள் கருகுகின்றன. எனவே வைரஸுக்குப் போட்ட சாயமும் மேக்ரோபேஜுக்குப் போட்ட சாயமும் ஒரே செல்லில் விழுகின்றனவா என்று பாருங்கள். எஸ்ஐவி மூளையழற்சி என்றால், குழாயைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருக்கும். நடுவே பல கருக்கள் கொண்ட ராட்சத செல் ஒன்றாவது கண்ணில் படும்.

செய்முறைப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், வில்லங்கமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூளையை எடுக்கும் முன் இதயம் வழியாக உப்புக் கரைசல் செலுத்தி ரத்தத்தைக் கழுவினார்களா? கழுவாவிட்டால் 'மூளையில் வைரஸ்' என்று அவர்கள் அளந்ததில் ரத்தத்தின் வைரஸும் கலந்திருக்கும். எச்ஐவியின் டாட் என்ற புரதத்தைச் சுரக்கும் சுண்டெலிகள் பலவற்றில், அதற்கான மரபணுவை முடுக்க டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பார்கள். அந்த மருந்துக்கே அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. ஒப்பீட்டுக் கூட்டத்துக்கும் அதையே கொடுத்திருக்க வேண்டும்.

நினைவாற்றல் சோதனையில் எலி நீர்த்தொட்டியில் வழி தெரியாமல் சுற்றினால் உடனே மூளையைக் குறை சொல்லாதீர்கள். எச்ஐவியின் மரபணுக்களைப் புகுத்தி 2001-இல் உருவாக்கிய எலிக்குக் கண்புரை வரும். சுவரில் ஒட்டிய அடையாளமே தெரியாத எலிக்கு நினைவாற்றல் நன்றாக இருந்தும் என்ன பயன்? பார்வையைத் தனியாகச் சோதித்தார்களா என்று தேடுங்கள்.

கடைசியாக, விலங்குக்கு எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்து கொடுத்தார்களா என்று பாருங்கள். சிகிச்சை வந்தபின் கடும் மறதிநோய் அரிதாகிவிட்டது. லேசான தடுமாற்றம் பலரிடம் இன்னும் இருக்கிறது. மருந்தே கொடுக்காத குரங்கின் வீங்கிய மூளையைக் காட்டும் கட்டுரை, மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரின் கவனக்குறைவைப் பற்றி அதிகம் சொல்லாது.