குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்கக் கேமரா வாங்குகிறீர்களா? லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

இரவு நேரப் படங்களுக்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம், கையிலிருக்கும் பணத்தில் லென்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. முழுப் பணமும் கேமராவுக்கே போயிருக்கும்.

முதல் படி: எடுக்கப்போவது அசையுமா?

கட்டடம், தெருவிளக்கு, நிலவொளியில் மலை ஆகியவைதான் உங்கள் விருப்பம் என்றால் உறுதியான முக்காலி ஒன்று வாங்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 100 வைத்து, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரைத் தேவைக்கேற்பப் பல விநாடிகள் திறந்து வைத்தால், பத்தாண்டுப் பழைய கேமராவும் தெளிவான படம் தரும். உங்களுக்கு வேலை இத்துடன் முடிந்தது.

மேடையில் ஆடுகிறவர், வீட்டுக்குள் ஓடும் குழந்தை என்றால் நிலைமை வேறு. கேமராவில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். அது உங்கள் கை நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 விநாடியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய ஒளி உள்ளே வர வேண்டும்.

இரண்டாம் படி: லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்

கேமராவுடன் சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸில் (மி.மீ. எண் கூடினால் காட்சி நெருங்கித் தெரியும்) எஃப்/3.5-5.6 என்று எழுதியிருக்கும். இந்த எஃப் எண் சிறுத்தால் லென்ஸில் ஒளி நுழையும் துளை பெருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு முகத்தை நெருங்கி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எஃப்/1.8, ஷட்டர் 1/80, ஐஎஸ்ஓ 1600 வைத்தால் படம் ஏறத்தாழச் சரியாக அமையும். அதே முகத்தை அந்த 18-55 லென்ஸின் 55 மி.மீ. முனையில் எடுத்தால் துளை எஃப்/5.6-க்கு மேல் விரியாது. அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓவை 16,000 அளவுக்கு ஏற்ற வேண்டும். கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் அப்பிவிடும். ஐஎஸ்ஓவை ஏற்ற மனமில்லாமல் 1600-இலேயே நிறுத்தினால் ஷட்டர் 1/8-க்கு இறங்கும். அவர் லேசாகத் தலை திருப்பினாலே முகம் கலங்கிவிடும்.

இந்த இரு துளைகளுக்கும் இடையே ஒளியில் ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. பெரிய நிறுவனங்கள் பலவும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மலிவாகவே விற்கின்றன. ஆனால் ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய அளவு சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அது 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சிறிய அறையில் பின்னால் நகர இடம் போதாது. அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 பொருத்தம்.

மூன்றாம் படி: சென்சார்

சென்சார் பெரிதானால் அது பிடிக்கும் ஒளியும் கூடும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ.; ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5×15.6, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. ஒரு இஞ்ச் சென்சார் என்பது பெயரளவில்தான், உண்மையில் 13.2×8.8 மி.மீ. ஃபுல் ஃபிரேமின் பரப்பு ஏபிஎஸ்-சியைப்போல் சுமார் 2.4 மடங்கு. லென்ஸ் தந்த பத்து மடங்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! அதனால்தான் லென்ஸை முதலில் சொன்னேன். 20 மெகாபிக்சலுக்கு மேல் கூடுதல் எண்ணிக்கைக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்றால் பழையதைத் தேடுங்கள். 2012-இல் வந்த கேனன் 6டி, 2014-இல் வந்த நிகான் டி750, அதே ஆண்டின் சோனி ஏ7 மார்க் 2 ஆகிய மூன்றும் இன்றும் நல்ல தேர்வுகள். 6டியின் நடு ஃபோகஸ் புள்ளி நிலா வெளிச்சம் அளவிலும் வேலை செய்யும். இருட்டில் அது எவ்வளவு பெரிய உதவி என்பது பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். நிகானில் ஒரு எச்சரிக்கை: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தமக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைப் பொருத்தினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

நான்காம் படி: வாங்குமுன் சோதியுங்கள்

வெளிச்சமான இடத்தில் சோதித்துப் பயனில்லை; அறையின் இருண்ட மூலைக்குக் கேமராவைத் திருப்புங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். ஐஎஸ்ஓ 3200, 6400 இரண்டிலும் ரா வடிவில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) படம் எடுத்து, நிழல் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் புள்ளிகளை உங்கள் கண் பொறுத்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்தவர் மதிப்பீடு இதற்கு உதவாது.

பழைய கேமராவானால் லென்ஸ் மூடியைப் போட்டு நான்கைந்து விநாடிப் படம் ஒன்று எடுங்கள். கறுப்புத் திரையில் ஒன்றிரண்டு நிறப்புள்ளிகள் தெரிந்தால் கவலையில்லை, கொத்தாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாக லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல் மெல்லிய கிளைகள் ஓடினால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த லென்ஸை வாங்காதீர்கள்.