வேலை பாதில கெடக்கும்போது அப்டேட் அமுக்காதீங்க தம்பிமாரே

பாளையங்கோட்டைல நம்ம ஸ்டுடியோவுக்கு எடிட்டிங் கத்துக்க வாற பயலுவளப் பாக்கேன், அந்தக் காலத்துல நாங்க எங்க எங்க விழுந்தமோ அதே குழிலதான் வரிசையா விழுதானுவ. சேவ் பண்ண மறக்குதது, ஆடியோ லெவல் பாக்காம எக்ஸ்போர்ட் போடுதது, இதெல்லாம் ரெண்டு தடவ அடிபட்டா தானா சரியாயிரும், அத எழுதல. சாப்ட்வேர்க்காரன் நம்மகிட்ட கேக்காம ஒண்ண மாத்துதான்ல, அதுல மாட்டுத இடங்களத்தான் சொல்லுதேன்.

ப்ராஜெக்ட் முடியுமுன்ன அப்டேட் போடுதது

ஆவணி முகூர்த்த சீசன். தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம், மூணு கேமரா, ட்ரோன் வேற. பையன் இங்க ரஃப் கட், அதான் முதல் வெட்டு, முடிச்சி, கலர் பண்ணுத அண்ணாச்சிக்கு தென்காசிக்கு ப்ராஜெக்ட அனுப்பணும். ராத்திரி சாப்ட்வேரத் தொறந்தா மூலைல புது வெர்ஷன் வந்திருக்குன்னு காட்டுது, அமுக்கிட்டான். பழைய ப்ராஜெக்ட கன்வெர்ட் பண்ணட்டுமானு கேக்கு, அதுக்கும் ஓகே, சேவ் பண்ணுனதும் அதே பேர்ல. காலைல அண்ணாச்சி போன் போடுதாரு, "ஏலே, பைல் தொறக்க மாட்டேங்கு, புது வெர்ஷன்ல செஞ்சதுன்னு காட்டுது, என்னலே பண்ணி வச்சிருக்க?" அவரு கிராபிக்ஸ் கார்டு பழசு, புது வெர்ஷன் அதுல ஓடாது. இங்க என்னடான்னா காசு குடுத்து வாங்குன ப்ளக்இன், அதான் சாப்ட்வேர்ல கூட மாட்டுத சின்ன ப்ரோகிராம், ஒண்ணு புதுசுல வேல செய்யல, மாப்ள பொண்ணு பேர் வாற டைட்டில் அத்தனையும் காணோம். பொண்ணு துபாய்க்கு கெளம்புத முன்ன பாத்துரணும்னு வீட்டுக்காரங்க போன் மேல போன். கடைசில ஆட்டோ சேவ் போல்டர்ல அப்டேட்டுக்கு முந்தின பைல் ஒண்ணு கெடந்திச்சி, அத வச்சி விட்டுப்போன வேலய மறுபடி செஞ்சி குடுத்தோம்.

இன்னைக்கும் இத நெனச்சா எரிச்சல் வருது, ஏன்னா ஒரு நிமிசம் யோசிச்சிருந்தா நடந்திருக்காது. எடிட்டிங் சாப்ட்வேர் பிரிமியர் ஆகட்டும் டாவின்சி ரிசால்வ் ஆகட்டும், பழசு புதுசுல தொறக்கும், புதுசு பழசுல தொறக்காது. பிரிமியர் ப்ராஜெக்ட் பைல் உள்ளுக்குள்ள சுருக்கி வச்ச எக்ஸ்எம்எல், அதாவது வெறும் எழுத்தா எழுதுன பைல்தான், அத விரிச்சி வெர்ஷன் நம்பர மாத்தித் தொறக்குத வித்த ஒண்ணு இருக்கு, சில நேரம் கைகுடுக்கும், கல்யாண வீட்டுக்காரனுக்கு வாக்கு குடுத்துட்டு அத நம்பக்கூடாது. எக்ஸ்எம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புனா கட் எல்லாம் போய்ச் சேரும், டைட்டிலும் எபெக்டும் நெறய விட்டுப்போகும். ரிசால்வ்ல புது பெரிய வெர்ஷன் போட்டா ப்ராஜெக்ட் லைப்ரரியயே அப்கிரேடு பண்ணச் சொல்லும், அதுக்கு முந்தியே பேக்கப் எடுத்துரணும்.

கம்பெனிக்காரங்க நம்ம வேலய நெனச்சிப் பாப்பாங்கன்னு இருக்காதீங்க. 2011 ஜூன்ல ஆப்பிள் அவங்க எடிட்டிங் சாப்ட்வேரோட புதுசு, பைனல் கட் ப்ரோ எக்ஸ எறக்குனப்போ பைனல் கட் 7 ப்ராஜெக்ட் அதுல தொறக்கல, பல கேமராவயும் சேத்து வெட்டுத மல்டிகேம் இல்ல, சவுண்டுக்காரருக்கு அனுப்புத ஓஎம்எப் பைலும் இல்ல, பழச விக்குததயும் நிறுத்திட்டாங்க. மல்டிகேம் திரும்ப வந்தது 2012 ஜனவரில. அந்த ஏழு மாசம் புதுச நம்பிப் போனவங்க தாலி கட்டுத சீன மூணு கேமராலயும் எப்படி வெட்டிருப்பாங்கன்னு யோசிச்சிப் பாருங்க. உலகம் பூரா எடிட்டருங்க கொதிச்சாங்க, எத்தனையோ பேரு பிரிமியருக்கும் ஏவிட்ங்குத இன்னொரு சாப்ட்வேருக்கும் மாறுனாங்க. பிரிமியர் செய்யுத அடோபியும் 2013ல இருந்து மாச வாடகைதான், 2019ல இருந்து ரொம்பப் பழைய வெர்ஷன டவுன்லோடு பண்ணவும் விடுததில்ல. அதனால கைல ஒழுங்கா ஓடுத வெர்ஷன அழிக்காதீங்க. அடோபி சாப்ட்வேர எறக்குத கிரியேட்டிவ் கிளவுடுல அப்டேட் போடும்போது பழைய வெர்ஷன எடுத்துருன்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துவிட்டுட்டு ரெண்டயும் பக்கத்துப் பக்கத்துல வச்சிக்கிடுங்க.

நம்ம ஊருல ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் கெடையாதுல்லா, அப்டேட்டுக்கு அதான் நேரம். கைல உள்ள ஆர்டர முடிச்சிக் குடுத்துட்டு, பழைய ப்ராஜெக்ட் ஒண்ண வேற பேர்ல காப்பி போட்டு புதுசுல தொறந்து, ப்ளக்இன், டைட்டில், எக்ஸ்போர்ட் எல்லாம் ஓடுதானு பாருங்க. நம்மகூட வேல பாக்குதவரு கம்ப்யூட்டர்லயும் அது ஏறுமானு ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க.

ஆட்டோ அப்டேட்

ஆப் பண்ணுங்க. கிராபிக்ஸ் டிரைவருக்கும் சேத்துத்தான்.

தமிழ் டைட்டில பாக்காம குடுக்குதது

புது வெர்ஷன் பழைய செட்டிங்க எடுத்துக்கிடலன்னா பிரிமியர்ல எழுத்தக் கோத்துக் காட்டுத டெக்ஸ்ட் இன்ஜின் ஐரோப்பிய எழுத்துக்குப் போயிரும். அப்போ கொம்பும் காலும் எழுத்த விட்டுப் பிரிஞ்சி நிக்கும். பிரிபரன்ஸ்ல கிராபிக்ஸ் பக்கத்துல போயி சவுத் ஏசியன்னு மாத்தணும். கல்யாண வீடியோல பொண்ணோட அப்பா பேரத் தப்பா போட்டுக் குடுத்தா அந்தத் தெருவுல அடுத்த ஆர்டர் வராது.

கீபோர்டு ஷார்ட்கட்

பழைய செட்டிங்க புதுசு எடுத்துக்கிடலன்னா நீங்க வச்ச ஷார்ட்கட்டும் போயிரும், எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல வைங்க.

பயந்துபோய் பழசுலயே கெடக்குதது

இதுவும் தப்புதான். புது கேமராவுல வாற 10 பிட் எச்இவிசி (ரொம்பச் சுருக்கி வச்ச வீடியோ வகை) புட்டேஜ் பழைய வெர்ஷன்ல ஒண்ணு தொறக்காது, இல்ல திக்கித் திக்கி ஓடும். அப்போ ப்ராக்ஸி, அதான் எடிட் பண்ண மட்டும் லேசான காப்பி, போட்டு சமாளிக்கலாம், ஆனா வருசக்கணக்கா அப்படியே ஓட்ட முடியாது.

மாஸ்டர் எடுக்காம ப்ராஜெக்ட் பைல மட்டும் வச்சிருக்குதது

பிரிமியர்ல இருந்த லெகசி டைட்டில்ங்குத பழைய டைட்டில் டூல இப்போ எடுத்தாச்சி. அன்னைக்குச் செஞ்ச ப்ராஜெக்ட இன்னைக்குத் தொறந்தா அப்படியே வரும்னு யாரும் எழுதித் தரல. டெலிவரிக்கு முன்ன ப்ரோரெஸ் இல்லன்னா டிஎன்எக்ஸ்எச்ஆர்ங்குத தரம் கொறயாத வீடியோ வகைல ஒரு மாஸ்டர், அதான் முடிச்ச வீடியோவோட மூலக் காப்பி, டைட்டில் இல்லாத காப்பி ஒண்ணு, ரெண்டயும் தனி ஹார்டு டிஸ்க்ல போட்டு வீட்டுக்காரங்க பேர எழுதி ஒட்டி வைங்க.