புயல் ஓய்ந்த மறுநாள்: முதல்முறை உதவக் கிளம்புகிறவர்களுக்கு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மூன்றாம் நாள் நாங்கள் ஐந்து பேர் ஒரு குட்டியானை வண்டியைப் (சின்ன லாரி) பிடித்து ரொட்டி, பிஸ்கட், தெருவில் திரட்டிய பழைய துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி தாண்டி உள்ளே ஒரு ஊரில் வண்டியை நிறுத்தினோம். ஒரு அம்மா வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொட்டி நேத்தே வந்துருச்சு தம்பி. மரம் அறுக்குற மிஷின் இருக்கா? வீட்டு மேல தென்னமரம் கெடக்கு."

எங்களிடம் இல்லை. புறப்படுவதற்கு முன் அந்த ஊரில் யாரிடமாவது ஒரு போன் பேசியிருந்தால் கொண்டு போயிருப்போம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் புயலுக்கும் போய்வந்ததில் நான் கற்றுக்கொண்டதை, முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 1: கையில் இருக்கும் போனை முதலில் நிதானப்படுத்துங்கள்

பேரிடர் வந்தால் மக்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள், கண்ணில் பட்டதை எல்லாம் கொள்ளையடிப்பார்கள் என்ற படம் நம் மனதில் இருக்கிறது. நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1963-ல் பேரிடர் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரான சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி, பல பத்தாண்டுகள் களத்தில் ஆய்வு செய்து கண்டதும் இதுதான். பீதியில் ஓடுவது அரிது, முதலில் கைகொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள். அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய 800 பயணிகள். தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில் புதுக்குடி மக்கள் வீட்டில் இருந்த அரிசியைப் போட்டு, கோயிலில் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

அப்படியானால் பதற்றம் எங்கிருந்து வருகிறது? என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தில், தெரிந்த மாதிரி யாரோ சொல்வதிலிருந்து வருகிறது. சுனாமி வந்து நான்கே நாள் ஆகியிருந்த 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் நிலநடுக்கமும் அலையும் வரலாம் என்று டெல்லியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கடலோரம் முழுவதும் ஜனங்கள் மறுபடி ஓடினார்கள். நிவாரணப் பணி அப்படியே நின்றது. அலை வரவில்லை. நிலநடுக்கம் இன்ன நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றுவரை யாரிடமும் கிடையாது என்பது அன்று பலருக்குத் தெரிந்திருந்தால், அந்த ஓட்டம் பாதியாவது குறைந்திருக்கும்.

2015 டிசம்பரில் சென்னையில் இரண்டு வதந்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பது ஒன்று. பண்ணைக்காரர்களே மறுத்தார்கள். சென்னையில் 250 செ.மீ. மழை பெய்யப் போவதாக நாசா சொல்லிவிட்டது என்பது இன்னொன்று. சென்னையின் ஓராண்டு சராசரி மழையே சுமார் 140 செ.மீ. தான். ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் அதை யாரும் அடுத்தவருக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் மூன்றைப் பாருங்கள். சொன்னது யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் உங்கள் போனோடு அது நிற்கட்டும். மழை, புயல் என்றால் நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. சுனாமி என்றால் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம். ஏரி திறப்பு என்றால் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு. பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்கினால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54-ன்படி ஓராண்டு வரை சிறை உண்டு. தண்டனைக்குப் பயந்து அல்ல, மாடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர் அதைப் படிப்பார் என்பதற்காக அனுப்பாதீர்கள்.

படி 2: மீட்பு வேண்டுகோளை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

ஊரைவிட்டு நகராமலே செய்யக்கூடிய பெரிய உதவி இது. 2015-ல் "அர்ஜென்ட், ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள், ப்ளீஸ் ஷேர்" என்ற செய்திகள், அந்த ஆறு பேரும் பத்திரமாக வெளியே வந்த பிறகும் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆள் இல்லாத வீட்டுக்குப் படகு போனால், ஆள் இருக்கும் வீட்டுக்கு அது போகவில்லை என்று அர்த்தம். இப்படி எழுதுங்கள்:

"டிசம்பர் 2, காலை 7.40. முடிச்சூர், (தெருப் பெயர்), தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, முதல் மாடி. 6 பேர். ஒருவர் டயாலிசிஸ் நோயாளி, ஒரு கைக்குழந்தை. தெருவில் தண்ணீர் மார்பளவு. கடைசியாகப் பேசியது 7.25. 1077-ல் சொல்லியாயிற்று. மீட்கப்பட்டதும் இதே இடத்தில் பதில் போடுவோம்."

1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, சென்னை மாநகராட்சிக்கு 1913. முதலில் அங்கே பதிவு செய்துவிட்டு அப்புறம் குரூப்பில் போடுங்கள். மீட்டாயிற்று என்றால் "முடிந்தது" என்று போட மறக்காதீர்கள். வேண்டுகோளை அனுப்புகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், முடிந்ததா என்று திரும்பப் போன் போட்டுக் கேட்டுப் பட்டியலைச் சரிசெய்கிறவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்தப் பத்தில் ஒருவராக இருங்கள்.

படி 3: அந்த ஊரில் ஒரு ஆளைப் பிடியுங்கள்

வி.ஏ.ஓ., ஊராட்சிச் செயலர், அங்கன்வாடி அக்கா, பள்ளி ஆசிரியர், மீனவ ஊராக இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தார். யாராவது ஒருவர் போதும், ஆனால் அவர் இப்போது அந்த ஊருக்குள் இருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் அந்த ஊர்க்காரர் போதாது. அவருக்கும் நம்மைப் போலக் கேள்விப்பட்டதுதான் தெரியும்.

அவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை குடும்பம்? (வீட்டைக் கணக்கிடாமல் அடுப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் மூன்று அடுப்பு இருக்கும்.) முகாமில் எத்தனை பேர்? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதுவரை என்னென்ன வந்தது? இன்னும் வராதது எது? கடைசிக் கேள்விதான் முக்கியம். கஜாவில் மின்கம்பங்கள் ஊர் ஊராகச் சாய்ந்துவிட்டதால், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வழியில்லாமல் கிராமங்கள் தவித்தன. அங்கே வாடகைக்கு எடுத்துப்போன ஒரு ஜெனரேட்டர், வண்டி வண்டியாகப் போன தண்ணீர்ப் பாட்டிலைவிட அதிகம் உதவியது. ஒருமுறை மோட்டாரை ஓட்டினால் தொட்டி நிறையும், ஊரே குடம் கொண்டுவந்து பிடிக்கும். இது சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். "உங்க ஊர்ல தள்ளி இருக்குற குடியிருப்பு எது?" ஆதிதிராவிடர் குடியிருப்பு, இருளர் குடியிருப்பு, உப்பளத் தொழிலாளர்கள் தங்கும் கொட்டகை. சுனாமியின்போதும் நிவாரணம் இவர்களிடம் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது, சில இடங்களில் சேரவே இல்லை. ஊர்த் தலைவர் கொடுக்கும் பட்டியலில் அவர்கள் இல்லாவிட்டால், தனியாக ஒரு தொடர்பைத் தேடிப் பிடியுங்கள்.

படி 4: பொருள்

பழைய துணி வேண்டாம். 2004-ல் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி மலை மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து கிடந்தது. உழைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததை ஏன் கட்ட வேண்டும்? துணி கொடுப்பதாக இருந்தால் புதிதாக வாங்குங்கள்: கைலி, நைட்டி, துண்டு, உள்ளாடை. உள்ளாடையை யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தேவைப்படும்.

தார்பாய் கொடுத்தால் கட்டுவதற்குக் கயிறும் சேர்த்துக் கொடுங்கள். பாய், போர்வை, கொசுவத்தி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச், வாளி, குடம். நாப்கின் கட்டாயம். அதைத் தனியாக, வெளியே தெரியாத பையில் வைத்து, பெண் தன்னார்வலர் கையால் கொடுங்கள். அரிசி பருப்பு கொண்டுபோகும் முன் அடுப்பும் விறகும் நனையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஊர்ப் பொதுச் சமையலுக்கு மூட்டையாகக் கொடுப்பதே நல்லது. எல்லாவற்றையும் உங்கள் ஊரிலிருந்தே சுமக்க வேண்டாம். பாதிக்காத பக்கத்து டவுனில் வாங்கினால் வண்டி வாடகை மிச்சம், அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம்.

படி 5: பயணம்

பகலில் ஊருக்குள் நுழையும்படி கிளம்புங்கள். உங்கள் சாப்பாடு, தண்ணீர், டீசல், படுக்கப் பாய் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் பானையில் நீங்கள் பங்கு கேட்கக் கூடாது. கஜாவின்போது மெயின்ரோட்டு ஊர்களில் நிவாரண வண்டிகளை வழியிலேயே நிறுத்தி இறக்கிக்கொண்டார்கள், உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் போகவில்லை. நிறுத்தினவர்களைத் திட்டாதீர்கள், அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை. அந்த ஊரில் நீங்கள் பிடித்துவைத்த ஆளை மெயின்ரோட்டுக்கே வந்து வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள். தாலுகா அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் உதவும்.

ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் அளவு வேகமாக ஓடினாலே ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி ஓடினால் காரை இழுத்துக்கொண்டு போகும். அறுந்து கிடக்கும் மின்கம்பியில் கரண்ட் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சலும் படகும் தெரியாதவர் மீட்புப் பணிக்குப் போக வேண்டாம். அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படைக்காரர்களும் மீனவர்களும் அதைச் செய்வார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு ஒரு வேலை கூடும்.

படி 6: கொடுக்கும் விதம்

வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கை நீட்டிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு அமைதியான ஊரிலும் அங்கே தள்ளுமுள்ளு வரும். அதைப் படம் எடுத்து "மக்கள் முண்டியடித்தனர்" என்று போடுவார்கள். முண்டியடிக்க வைத்தது நாம்தான். தனக்குக் கிடைக்குமா என்று தெரியாத யாரும் முன்னே வரத்தான் பார்ப்பார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுங்கள். அதில் குடும்பத் தலைவி பெயர், எண், வர வேண்டிய நேரம். மறுநாள் முப்பது முப்பது பேராகக் கூப்பிடுங்கள். கையில் டோக்கன் இருப்பவர் அவசரப்பட மாட்டார், இது நான் ஒவ்வொரு முறையும் கண்ணால் கண்டது. டோக்கனைவிடப் பத்துப் பை கூடுதலாக வைத்திருங்கள், விடுபட்டவர்கள் நிச்சயம் வருவார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோங்கள். வாங்குகிறவர் முகத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். கணக்குக் காட்ட வேண்டும் என்றால் ரசீதையும் அடுக்கிவைத்த பைகளையும் எடுங்கள்.

படி 7: தண்ணீரும் நோயும்

காலில் காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். கம்பூட்ஸ் போடுங்கள். கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்து டிடி (டெட்டனஸ்) ஊசி, எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். குடிதண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும். முடியாத இடத்தில் குளோரின் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி. வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. இறந்த உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களால் அப்படிப் பரவுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடையாளம் பார்த்து, உறவினர் கையில் ஒப்படைக்க நேரம் கொடுக்கலாம்.

படி 8: பதினைந்து நாள் கழித்து

டிவி வண்டிகள் போய்விடும். பிரெட்டும் வராது. அப்போதுதான் ரேஷன் கார்டு நனைந்தது, பட்டா காணோம், பிள்ளையின் மார்க் ஷீட் போய்விட்டது என்று தெரியவரும். மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்தால் நூறு குடும்பத்துக்கு வேலை நடக்கும். இதற்குப் பணமே வேண்டாம், பேனாவும் வெள்ளைத்தாளும் பொறுமையும் போதும்.

அந்த அம்மாவின் ஊருக்கு நாங்கள் டிசம்பரில் திரும்பப் போனோம், இந்த முறை இரண்டு மரம் அறுக்கும் மிஷினும் ஓட்டத் தெரிந்த இருவரும் சேர்த்து. கூரை மேல் கிடந்ததை ஊர்க்காரர்களே எப்போதோ இறக்கியிருந்தார்கள். தோப்புகளில் விழுந்தவை மட்டும் அப்படியே கிடந்தன, அவற்றை அகற்றினால்தான் புதுக்கன்று வைக்க முடியும், வைத்தாலும் காய்க்க ஐந்தாறு வருடம். நான்கு நாள் அறுத்தோம். கிளம்பும்போது அந்த அம்மா எங்கள் போன் நம்பரை ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டார்.