புளோரன்ஸில் ரியலிஸ்டிக் ஓவியம் கற்கப் போகிறவர்களுக்கு

போட்டோவைப் பார்த்து முகம் வரைந்து கொடுப்பதுதான் மதுரையில் என் தொழில். அறுபதாம் கல்யாணப் பரிசு, இறந்துபோன தாத்தாவின் படம், புதுவீட்டுக் கூடத்தில் மாட்ட அம்மா அப்பா படம் என்று ஆர்டர்கள் வரும். இந்தத் தொழிலில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சாயல் அச்சாக வந்திருக்கும், ஆனாலும் படம் தட்டையாகக் கிடக்கும். பெரும்பாலும் அது போட்டோவின் குறை. கிட்டத்தில் வைத்து எடுக்கும் செல்போன் கேமரா மூக்கைப் பெரிதாக்கிக் காதுகளைப் பின்னால் தள்ளிவிடும். நிழலுக்குள் இருக்கும் நிறங்களைக் கறுப்பாக அடைத்துவிடும். கன்னத்தின் விளிம்பையும் சட்டைக் காலரின் விளிம்பையும் ஒரே கூர்மையில் காட்டும். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. எதிரில் ஒரு பொருளையோ ஆளையோ வைத்து, மாறாத வெளிச்சத்தில், பல நாள் பார்த்து வரைந்தால்தான் இது பிடிபடும். அதற்காகவே நான் இத்தாலியில் புளோரன்ஸுக்குப் போய் ஒரு கோடைகால வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த ஊருக்கு இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரீஸில் ழெரோம் என்ற ஓவியரிடம் படித்த ஃபிலடெல்ஃபோ சிமி புளோரன்ஸில் கற்பித்தார். அவருக்குப் பின் அவர் மகள் நெரினா சிமி. அவரிடம் கற்றவர்களில் ஒருவரான அமெரிக்கர் டேனியல் கிரேவ்ஸ் 1991இல் புளோரன்ஸ் அகாடமி ஆஃப் ஆர்ட்டைத் தொடங்கினார். அதே ஆண்டில் சார்லஸ் செசில் ஸ்டூடியோவும் வந்தது. ஏஞ்சல் அகாடமியும் அங்கேதான் இருக்கிறது. நவீன ஓவியம் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் அறுந்துபோகாமல் கைமாறி வந்த பயிற்சி இது. அதனால்தான் இதைத் தேடி அவ்வளவு தூரம் போகலாம் என்கிறேன்.

சரி, எந்த வகுப்பில் சேர்வது? ‘ஆர்ட் ரிட்ரீட்’ என்று தேடினால் இரண்டு வகை வரும். திராட்சைத் தோட்டத்து வீட்டில் தங்கி, காலையில் ஒரு நிலக்காட்சி, மாலையில் ஊர் சுற்றல், தினம் ஒரு புதிய படம் என்பது ஒரு வகை. மனதுக்கு நன்றாக இருக்கும், ஆனால் ரியலிசம் கற்க அது போதாது. மற்றது ஸ்டூடியோ வகை. ஒரே பிளாஸ்டர் சிலையின் முன், அல்லது ஒரே போஸில் உட்கார்ந்த மாடலின் முன், வாரக்கணக்கில் நிற்க வைப்பார்கள். இதைத்தான் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு போஸ் எத்தனை நாள் நீடிக்கும்? ஆசிரியர் ஒரு நாளில் எத்தனை முறை ஒவ்வொருவரின் படத்தையும் வந்து பார்ப்பார்? ஸ்டூடியோவுக்கு வெளிச்சம் வடக்குச் சன்னல் வழியாக வருகிறதா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வெறும் சுற்றுலாப் படங்களை அனுப்பிப் பதிலை மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர், ழெரோமுடன் சேர்ந்து மாணவர்களுக்காகத் தயாரித்த 197 மாதிரிச் சித்திரங்கள் இருக்கின்றன. வான்கோ தானாகப் படம் கற்றுக்கொண்ட காலத்தில் இவற்றைத்தான் பார்த்து வரைந்தார். பாட்டுக்குச் சரளி வரிசை எப்படியோ, இந்தப் பயிற்சிக்கு இவை அப்படி. கால், கை, காது, பக்கவாட்டு முகம் என்று சில மாதிரிகளை எடுத்து அதே அளவில் சார்கோலில், அதாவது கரிக்குச்சியில், வரையுங்கள். முதலில் நேர்கோடுகளால் வெளிவடிவம், அப்புறம் நிழல் எங்கே தொடங்குகிறது என்ற கோடு, கடைசியில் டோன், அதாவது வெளிச்சமும் இருட்டும் எந்த அளவு என்பது. நிழல் முழுவதையும் ஒரே தட்டையான டோனால் நிரப்பிவிட்டுப் பிறகு வெளிச்சப் பகுதிக்கு வாருங்கள். சார்கோல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து ஊசிமுனையாக்கவும் பழகிவிடுங்கள். அங்கே போய் அதைக் கற்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

விசா வேலை சலிப்பானது, ஆனால் எளிது. 90 நாளுக்குள் முடியும் வகுப்புக்கு ஷெங்கன் (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகியகால விசா போதும். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், அதனால் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வந்ததுமே தொடங்குங்கள். வகுப்பு 90 நாளைத் தாண்டினால் தேசிய விசா வேறு, நடைமுறையும் வேறு.

எண்ணெய் நிறங்களைக் கரைக்கும் டர்பென்டைனை விமானத்தில் கொண்டுபோக முடியாது. கரைப்பான்களை அங்கேயே வாங்குங்கள். கதீட்ரலுக்குப் பக்கத்தில் வியா தெல்லோ ஸ்டூடியோ தெருவில் ஜெக்கி என்ற கடையில் தூள் நிறமிகள் முதல் பிரஷ் வரை எல்லாம் இருக்கும். முதல் முகப்படத்துக்கு நான்கு நிறம் போதும்: வெள்ளை, எல்லோ ஆக்கர், வெர்மிலியன் அல்லது காட்மியம் ரெட், ஐவரி பிளாக். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் பேலட் இது. நீலமே இல்லையே என்று பயப்பட வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், சிவந்த தோலுக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். நம் மாநிறத் தோலுக்கும் இந்த நான்கு நிறங்கள் அருமையாகப் பொருந்துகின்றன.

ஸ்டூடியோவில் முதல் பாடம் பெரும்பாலும் சைட் சைஸ் (கண்ணில் தெரியும் அளவிலேயே வரையும்) முறைதான். சிலைக்குப் பக்கத்திலேயே ஈசலை (தாளைத் தாங்கும் சட்டத்தை) வைப்பார்கள். நீங்கள் பல அடி பின்னால், தரையில் டேப் ஒட்டிக் குறித்த இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சிலையும் தாளில் உள்ள படமும் ஒரே அளவில் தெரியும். அந்த இடத்திலிருந்து மட்டுமே பாருங்கள். வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொண்டு ஈசலுக்கு நடந்துபோய் ஒரு கோடு போடுங்கள், திரும்பி வந்து ஒப்பிடுங்கள். நாள் முழுக்க இந்த நடைதான். கால் வலிக்கும், நல்ல செருப்பு அவசியம். நூலில் கட்டிய தூக்குக்குண்டு ஒன்று கையில் இருக்கட்டும். அதைப் பிடித்துப் பார்த்தால் மூக்குநுனிக்கு நேர் கீழே எது வருகிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும். டோன் குழப்பினால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், சின்ன விவரங்கள் மறைந்து பெரிய வெளிச்சமும் பெரிய நிழலும் மட்டும் நிற்கும். கைக்கண்ணாடியில் சிலையையும் படத்தையும் சேர்த்துத் திருப்பிப் பார்த்தால் கோணல் உடனே தென்படும்.

ஆசிரியர் வந்து உங்கள் இடத்தில் நிற்பார். சில சமயம் நீங்கள் பாடுபட்டுப் போட்ட கோட்டை அழித்துவிட்டுப் போவார். அவர் சொன்ன திருத்தத்தை அவர் நகர்ந்ததுமே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதே திருத்தம் திரும்பத் திரும்ப வருவது எதில் என்று அந்த நோட்டுதான் காட்டும். என் விஷயத்தில் அது நிழலின் விளிம்பு. தாடைக்கு அடியில் விழும் நிழலின் விளிம்பு கூராக இருக்கும், கன்னம் உருண்டு நிழலுக்குள் போகும் இடம் மெதுவாகக் கரையும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு என் படங்களில் தலை உருண்டையாகத் தெரிந்தது.

மாடல் வகுப்பில் ஆணோ பெண்ணோ ஆடையில்லாமல் நிற்பது அங்கே வழக்கம். நம்மூரில் கலைக்கல்லூரியில் படிக்காதவர்களுக்கு முதல் மணி நேரம் கூச்சமாக இருக்கலாம். அளவெடுக்கத் தொடங்கியதும் அது போய்விடும். போட்டோ எடுக்கவே கூடாது. போஸில் இருக்கும்போது மாடலிடம் பேசவோ மேடையை நகர்த்தவோ கூடாது. இடைவேளையில் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், அசையாமல் இருப்பது கடுமையான உழைப்பு.

மாலைகளை மியூசியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடாதீர்கள், ஒரு படத்தின் முன் அரைமணி நேரம் நில்லுங்கள். பிட்டி அரண்மனை மியூசியத்தில் டிஷியன் என்ற ஓவியர் வரைந்த, சாம்பல் கண் இளைஞனின் படத்தில் கறுப்பு உடை எங்கே பின்னணியில் கரைகிறது என்று பாருங்கள். உஃபிஸி மியூசியத்தில் ஓவியர் ரெம்பிராண்ட் தன்னையே வரைந்த படங்களும், இதே ஊரில் 1856இல் பிறந்த ஓவியர் சார்ஜென்ட் 1906இல் தன்னை வரைந்த படமும் இருக்கின்றன. அகாடெமியா மியூசியத்தில் கூட்டம் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையோடு திரும்பிவிடும். நீங்கள் சிற்பி பார்தொலினியின் பிளாஸ்டர் சிலைகள் நிறைந்த கூடத்துக்கும் போங்கள்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள அறை எடுங்கள். சந்த் அம்ப்ரோஜியோ சந்தையில் காய்கறி கிடைக்கும், சைவர்களுக்குக் கஷ்டமில்லை. அந்த ஊர் ரொட்டியில் உப்பு போடமாட்டார்கள்.

கடைசி எண்ணெய்ப் படத்தைக் கிளம்பும் நாள் வரை இழுக்காதீர்கள், ஈரம் காயாது. லின்சீட் ஆயில் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்கவும் கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் வெளிச்சத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. புளோரன்ஸில் வடக்குச் சன்னலில் நாளின் பெரும்பகுதி நேர்வெயில் படாது, வெளிச்சம் சீராக இருக்கும். மதுரையில் அப்படியில்லை. சித்திரை தொடங்கி ஆவணி முற்பாதி வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, வடக்குச் சன்னலிலும் வெயில் நுழையும். அந்த மாதங்களில் சன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணிப் பந்தல் போடுங்கள், அல்லது கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். மற்ற சன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துவிடுங்கள். ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களில் இருட்டான வீட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீடுகளிலேயே அது கிடைக்கும். அங்கே ஒரு ஸ்டூலில் செம்பையோ வெங்காயத்தையோ வையுங்கள், ஈசலைப் பக்கத்தில் நிறுத்துங்கள், நிற்கும் இடத்துக்கு டேப் ஒட்டுங்கள். போட்டோ ஆர்டர்கள் பிழைப்புக்கு வேண்டும்தான். ஆனால் காலை இரண்டு மணி நேரம் இதற்கே போகட்டும்.