பத்தில் ஒன்று கைவிட்ட கதை

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆவணியில் எத்தனை வீட்டுக் கிணறு வற்றுகிறது என்று பார்க்கப் போனேன். 620 குடும்பம். பத்தில் ஒன்று போதும் என்று 62 வீட்டில் கேட்டேன். 25 வீட்டில் வற்றுகிறதாம். 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"பிள்ளை, பாதிக்கு மேலையோ கீழையோ? அதைச் சொல்லும்," என்றார் சங்கத்து அண்ணை ஒருவர். கணக்குப் போட்டால் பிழை எல்லை இரு பக்கமும் ஏறக்குறைய 12. அதாவது 28க்கும் 52க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். வாய் அடைத்துப்போனது.

பத்தில் ஒன்று என்பது கணக்கே இல்லை. முதலில் எவ்வளவு பிழை தாங்கும் என்று முடிவெடுக்க வேண்டும். நான் இரு பக்கமும் 5 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை என்று வைத்தேன்; அதாவது நூறு முறை இப்படிக் கேட்டால் ஏறக்குறைய 95 முறை உண்மை அந்த எல்லைக்குள் இருக்கும். அதற்கான எண் 1.96. அடுத்து, வற்றும் விகிதத்தை வற்றாத விகிதத்தால் பெருக்க வேண்டும். விகிதம் தெரியாவிட்டால் 0.5 என்று எடுப்பதுதான் பாதுகாப்பு, 0.5 × 0.5 = 0.25, அதற்குமேல் அந்தப் பெருக்கம் போகாது. 1.96 இன் வர்க்கம் × 0.25 ÷ 0.05 இன் வர்க்கம் = 384.16, அதாவது 385 வீடு.

385ஐக் கண்டதும் மோட்டார் சைக்கிள் பெற்றோல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ஊரே 620 தானே! ஊர் சின்னதென்றால் அதற்கேற்ப எண்ணிக்கையைக் குறைக்கலாம். 384.16ஐ (1 + 383.16 ÷ 620) ஆல் வகுக்க 238 ஆகக் குறைந்தது. முதல்முறை பல வீடுகள் பூட்டிக் கிடந்ததால், 15 சதவீதம் கிடைக்காது என்று 238ஐ 0.85 ஆல் வகுத்து 280 எடுத்தேன்.

இம்முறை றோட்டுக்கரை வீடுகளாகப் பார்த்துப் போகவில்லை. குடும்பப் பட்டியலில் சீட்டுக் குலுக்கினேன்.