பத்துமலைக்குக் குடும்பமாக நடக்கிறீர்களா? பாதி வழி போதும்

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் பத்தாங் காலியில் ஒரே பேச்சுதான், இந்த வருசம் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடக்கிறோமா, எங்கிருந்து நடக்கிறோம் என்று. பிள்ளைகளும் பாட்டியும் கூட வருகிறார்கள் என்றால் முழு வழிக்கும் ஆசைப்படாதீர்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் போகும் வழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஒன்பது கட்டைதானே, அதாவது ஒன்பது மைல்தானே என்று தோன்றும். ஆனால் ரதம் அர்ச்சனைத் தட்டுகளுக்காக நின்று நின்றுதான் போகும், பின்னால் போகிறவர்கள் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், வயதானவர்களுக்கு முழங்கால் வலி பிடிப்பதும் அப்படி நிற்கும்போதுதான்.

வீட்டில் யாருடைய கால் சீக்கிரம் சோர்ந்துபோகுமோ அவர் காலை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவும் ஏழு வயதுச் சின்னவளும். அதனால் நாங்கள் வழியில் இருக்கும் செந்தூலிலிருந்து நடக்கிறோம். இன்னும் சின்னப் பிள்ளைகள் என்றால் கம்போங் பத்து ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். செந்தூல், பத்து கெந்தோன்மென், கம்போங் பத்து, தாமான் வாயூ, பத்துமலை என்று கொம்யூட்டர் ரயில் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன, யாருக்காவது முடியவில்லை என்றால் பக்கத்து நிலையத்துக்குப் போய் ரயில் ஏறிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் புத்ரா நிலையத்தில் ரயில் மாறினால் போதும், கேஎல் சென்ட்ரல் வரை போக வேண்டாம். தைப்பூச வாரத்தில் ரயில் நேரம் மாறும், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாளைக்கு முந்தைய இரவு ஒன்பது மணி வாக்கில் ரதம் புறப்படும். நாங்கள் அன்று சாயங்காலமே போய் செந்தூலில் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டு, விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புகிறோம். ரதம் எங்கே நிற்கிறதோ அங்கே தரிசனம் செய்துவிட்டு அதற்கு முன்னால் போய்விடுங்கள். பின்னால் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் என்றால் ஒரு மாதம் முன்பே பழகுங்கள். நாங்கள் சாயங்காலம் செம்பனைக் காட்டு மண்பாதையில் ஆரம்பித்து, அப்புறம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு முன்னால் இருக்கும் தார் ரோட்டுக்கு மாறுவோம், முதல் வாரம் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். ரதத்துக்கு முன் உடைக்கிற தேங்காயின் ஓடு வழியெல்லாம் சிதறிக் கிடக்கும், இருட்டில் தெரியாது. ஆகவே ஒரு டார்ச் லைட், பிள்ளைகளுக்குக் கெட்டியான பருத்திக் காலுறை. முருகன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன் லேட்டாகக் கிளம்பினோம், பதினோரு மணித் தாரில் சின்னவளுக்குக் குதிகால் கொப்புளித்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஓர் அக்கா அவள் இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்து, ஐஸ் கரைந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு வருசமும் ஒரு மூட்டை சீனி வாங்கி ஏதாவது ஒரு பந்தலில் கொடுத்துவிட்டுத்தான் நடக்கிறார்.

பந்தல்களில் மோர் கிடைத்தால் குடியுங்கள். சிராப் தண்ணியைப் பிள்ளைகளுக்கு அளவாகக் கொடுங்கள், இனிப்பு ஏற ஏறத் தாகமும் ஏறும். பொங்கலை வழியெல்லாம் வாங்கித் தின்றால் கழிவறை தேட வேண்டியிருக்கும்.

பிள்ளையின் முன்கையில் உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள், வியர்வையில் அழிந்தால் மறுபடி எழுதுங்கள். தொலைந்தால் சந்திக்கிற இடம் என்று 42.7 மீட்டர் முருகன் சிலையைச் சொல்லாதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். ரயில் நிலையத்தை ஒட்டிப் பச்சை நிறத்தில் உயரமாக நிற்கும் ஆஞ்சநேயரைச் சொல்லுங்கள்.

272 படியையும் அன்றே ஏறித்தான் ஆக வேண்டுமா என்று அங்கே போய் முடிவு செய்யுங்கள். பால்குடம் எடுத்தவர் ஏறட்டும், அம்மா கீழேயே கும்பிட்டுக்கொள்கிறார். மற்றவர்கள் கூட்டம் குறைந்தபின் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஏறிக்கொள்ளலாம்.

திரும்பி ரயில் ஏறுமுன் எல்லோரையும் உட்கார வைத்து, காலைக் கழுவித் துடைத்து, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டுச் சில்லு ஏறியிருந்தால் நடக்கிற சூட்டில் பிள்ளைக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து படுத்தபின்தான் அழும்.