தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? உருளைக்கிழங்கு முதல் கொய்யாக் கிளை வரை அளந்து பார்க்கும் முறை

பிளஸ் ஒன் தாவரவியலில் செல் ஒரு பாடம், உயிர்மூலக்கூறுகள் ஒரு பாடம், தாவரக் கடத்தல் இன்னொரு பாடம். பிள்ளைகளும் அப்படியே தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விதிதான்: நீரியல் திறன் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தண்ணீர் நகரும். தூய நீரின் திறன் 0. அதில் எதைக் கரைத்தாலும் திறன் 0-க்குக் கீழே இறங்கும். அழுத்தம் கொடுத்தால் ஏறும். இந்த ஒன்றைக் கையால் அளந்து பார்த்தவருக்கு மற்றவை தாமாகப் புரியும். கீழே உள்ள எல்லாவற்றையும் வீட்டு மேசையிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்யலாம். அமிலம், காரம், கொதிநீர் வரும் இடங்களில் மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர், பிறகு சர்க்கரைக் கரைசல்

சென்னையில் இந்தச் சோதனைகள் கெட்டுப்போக முதல் காரணம் போர் தண்ணீர். கடலோரப் பகுதிகளில் அது வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 2000 காட்டும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு. அத்தனையும் சோடியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால் அதன் நீரியல் திறன் ஏறக்குறைய −0.17 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). '0 மோலார்' (எதுவும் கரையாத நீர்) என்று சீட்டு ஒட்டிய டம்ளர் தொடக்கத்திலேயே 0 இல்லை என்று அர்த்தம். பெட்ரோல் பங்கிலோ ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். அமிலம் கலந்த பேட்டரி ஆசிட் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். டிடிஎஸ் 100-க்குள் இருக்கும் ஆர்ஓ தண்ணீரும் போதும்.

மளிகைக் கடை வெள்ளைச் சர்க்கரை அநேகமாகத் தூய சுக்ரோஸ்தான். மூலக்கூறு எடை 342. லிட்டருக்கு அத்தனை கிராம் கரைந்திருந்தால் அது 1 மோலார், ஆகவே 100 மில்லி 1 மோலார் கரைசலுக்கு 34.2 கிராம் வேண்டும். அதை 60 மில்லி தண்ணீரில் முழுதாகக் கரைத்துவிட்டு, பிறகு 100 மில்லி கோடு வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 100 மில்லி தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு அதில் சர்க்கரையைக் கொட்டுவது மிகப் பரவலான தவறு. சர்க்கரையும் இடத்தை அடைத்துக்கொள்வதால் மொத்தம் 120 மில்லியைத் தொட்டுவிடும். 1 மோலார் என்று நினைத்தது 0.8 பக்கம் இறங்கிவிடும். அதிலிருந்து நீர்த்து எடுக்கும் ஒவ்வொரு கரைசலும் அதே அளவுக்குத் தப்பும்.

ஆறு டம்ளர்கள். மூலக் கரைசலில் இருந்து முறையே 0, 5, 10, 15, 20, 25 மில்லி ஊற்றி, ஒவ்வொன்றையும் தண்ணீரால் 50 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கையில் 0, 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 மோலார் கரைசல்கள்.

உருளைக்கிழங்குத் துண்டுகள்

ஒரே கிழங்கில் இருந்து 1 சென்டிமீட்டர் கனத்தில் 4 சென்டிமீட்டர் நீளத் துண்டுகள் வெட்டுங்கள், டம்ளருக்கு மூன்று. தோல் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. தோலில் உள்ள சூபரின் தண்ணீரை விடாது. வெட்டிய உடனே டிஷ்யூ தாளில் ஒற்றி, 0.01 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். எடுத்ததும் அதே மாதிரி ஒற்றி மறுபடி எடை. ஒற்றுவதில் சீர் முக்கியம். ஒரு துண்டை அழுத்திப் பிழிந்து, இன்னொன்றை ஈரத்தோடு தராசில் வைத்தால், சவ்வூடு பரவலால் (செல் சவ்வைக் கடந்து தண்ணீர் நகர்வதால்) வரும் மாற்றத்தைவிட உங்கள் கைப்பிழை பெரிதாகிவிடும்.

கிராமில் வித்தியாசத்தை எழுதாமல் சதவீதமாக மாற்றுங்கள், ஏனென்றால் துண்டுகள் எல்லாம் ஒரே எடையில் தொடங்குவதில்லை. எடுத்துக்காட்டாக 4.20 கிராம் துண்டு 0.2 மோலாரில் 4.41 ஆனால் +5%, 0.4 மோலாரில் 3.99 ஆனால் −5%. வரைபடத்தில் கோடு 0.3-இல் பூஜ்ஜியத்தைக் கடக்கும். அந்தக் கரைசலில்தான் தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதும் சமம். கரைசலின் திறன் = −(செறிவு × 0.00831 × கெல்வின் வெப்பநிலை). புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் 25 டிகிரிக்குப் போடப்பட்டவை. நம் ஊர் அறை 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். விடை −0.76 மெகாபாஸ்கல்.

ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் கிடந்த கிழங்கைத் தெரியாமல் எடுத்துவிட்டால் கோடு வேறு இடத்தில் வெட்டும். குளிரில் கிழங்கின் ஸ்டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைகிறது, செல்லுக்குள் கரைந்திருக்கும் பொருள் கூடுகிறது. இதைப் பிழையாக ஒதுக்காமல் தனிச் சோதனையாகவே செய்து பாருங்கள்: வெளியில் வைத்த கிழங்கு ஒன்று, ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு ஒன்று, இரண்டுக்கும் ஒரே கரைசல்கள்.

ஊதா இலை

அப்பார்ட்மென்ட் வாசல் தொட்டிகளில் மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக நீண்ட இலையோடு நிற்கும் ரியோ செடி இதற்கென்றே அமைந்தது. இலையைச் சாய்வாகக் கிழித்தால் ஓரத்தில் ஊதாத் தோல் மெல்லியதாகத் தொங்கும். அதை இடுக்கியால் பிடித்து, சிறு துண்டுகளாக வெட்டி, 0.1 முதல் 0.5 வரையிலான கரைசல்களில் 20 நிமிடம் போடுங்கள். அதே கரைசல் ஒரு துளி வைத்து ஸ்லைடில் பாருங்கள். தூய நீரில் வைத்துப் பார்த்தால் சுருங்கிய செல் மறுபடி விரிந்துவிடும். கோணம் கோணமான அறை முழுக்க நிரம்பியிருந்த ஊதா நிறம், செறிவு கூடக் கூட மூலைகளில் இருந்து விலகி நடுவில் உருண்டையாக ஒதுங்கும். அதுதான் பிளாஸ்மா சிதைவு. நிறம் இருப்பது செல்லுக்குள் உள்ள நீர்ப்பையான வாக்குவோலில். சவ்வு அதைச் சுற்றிப் பிடித்திருப்பதால் அது வெளியே கசிவதில்லை. இலையை வெந்நீரில் போட்டுச் சாகடித்துவிட்டுச் செய்தால் நிறம் தண்ணீரில் கலந்துவிடும், எந்தச் செறிவிலும் உருண்டை வராது.

செல் சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் இடையில் என்ன இருக்கிறது? காற்று என்றும் வெற்றிடம் என்றும் விடைத்தாளில் எழுதுகிறார்கள். இருப்பது வெளிக்கரைசல். செல்லுலோஸ் சுவர் சர்க்கரையைத் தடுக்காது, சவ்வுதான் தடுக்கும்.

100 செல்களை எண்ணி, பாதி செல்கள் சுருங்கத் தொடங்கியிருக்கும் செறிவைக் கண்டுபிடியுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உருளைக்கிழங்கில் கிடைத்தது திசுவின் நீரியல் திறன். இதில் கிடைப்பது கரைபொருள் திறன், அதாவது அழுத்தம் சேராமல் கரைந்த பொருளால் மட்டும் வரும் பங்கு, ஏனென்றால் சவ்வு சுவரை விட்டு நழுவும் கணத்தில் சுவரின் அழுத்தம் 0. இரண்டு செய்முறைக்கும் ஒரே முடிவை எழுதினால் மதிப்பெண் போவது இருக்கட்டும், விஷயமே தப்பிவிடும்.

சர்க்கரையும் ஸ்டார்ச்சும்

கிழங்கு ஏன் குளுக்கோஸாகவே சேமிக்கவில்லை என்பதற்கு விடை இப்போது கையில் இருக்கிறது. குளுக்கோஸ் கரையும், திறனை இறக்கும், தண்ணீரை இழுக்கும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோர்த்த ஸ்டார்ச் கரையாமல் மணியாகக் கிடக்கும், நீர்க்கணக்கில் அது ஏறக்குறைய இல்லாத பொருள்.

ஸ்டார்ச்சைக் கருநீலமாக்கிக் காட்ட, மருந்துக்கடை போவிடோன் அயோடினை 10 மில்லி தண்ணீரில் ஐந்தாறு சொட்டு விட்டால் போதும். நேராக ஊற்றினால் அதன் பழுப்பே எல்லாவற்றையும் மறைக்கும். சர்க்கரைக்கு நீல நிறப் பெனடிக்ட் கரைசல், லேப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். மாதிரி 2 மில்லி, பெனடிக்ட் 2 மில்லி, கொதிநீர்ப் பாத்திரத்தில் 5 நிமிடம். குழாயை நேரடியாகத் தீயில் காட்டாதீர்கள், துள்ளித் தெறிக்கும். இளநீரும் வெல்லக் கரைசலும் செங்கல் நிறம் வரை போகும். வெள்ளைச் சர்க்கரை நீலமாகவே நிற்கும், ஏனென்றால் சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை (பெனடிக்டின் நிறத்தை மாற்றும் வகை) இல்லை. அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஐந்து சொட்டு விட்டு 3 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, சமையல் சோடாவை நுரை அடங்கும்வரை சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, பிறகு பெனடிக்ட் சேருங்கள். இப்போது நிறம் மாறும். சோடா போட மறந்தால் மாறாது. பெனடிக்ட் காரத்தில்தான் வேலை செய்யும்.

பருப்புத் தண்ணீரில் உள்ள புரதத்தைக் காரம் சேர்த்து ஊதா நிறத்தால் காட்டும் பையூரெட் சோதனையில் 1% காப்பர் சல்பேட் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் போகக் கூடாது. கூடினால் நீல வீழ்படிவு ஊதாவை மறைத்துவிடும்.

தண்டில் ஏறும் தண்ணீர்

காசித்தும்பையின் தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சிவப்பு மை ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். வேரை வெட்டிவிட்டு மையில் வையுங்கள். வேர் முழுதாக இருந்தால் சாயம் மிக மெதுவாகவே ஏறும், சில நேரம் ஏறவே ஏறாது: வேரின் உள்ளடுக்கான அகத்தோலில் உள்ள காஸ்பேரியன் பட்டை, எதுவாக இருந்தாலும் ஒரு சவ்வைக் கடந்தே உள்ளே வர வேண்டும் என்று வழிமறிக்கிறது. பிறகு புது பிளேடால் குறுக்கே வெட்டினால் நீரை ஏற்றும் குழாய்த் திசுவான சைலம் மட்டும் சிவந்திருக்கும்.

செடி உறிஞ்சும் நீரை, மெல்லிய குழாயில் நகரும் காற்றுக்குமிழியால் அளக்கும் கருவி போட்டோமீட்டர். அதற்குச் செம்பருத்திக் கொத்து சரி. நந்தியாவட்டை, அரளி வேண்டாம், பால் வடிந்து குழாயை அடைக்கும். அரளி நஞ்சும்கூட. கொத்தைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே சாய்வாக வெட்டுங்கள், மாட்டுவதும் தண்ணீருக்கு அடியிலேயே. 1894-இல் டிக்சனும் ஜாலியும் சொன்னபடி, சைலத்தில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துத் தொடராக நிற்கின்றன, இலையிலிருந்து ஆவியாகும் நீர் அந்தத் தொடரை மேலே இழுக்கிறது. வெட்டுவாயில் காற்றுக்குமிழி புகுந்தால் அந்தக் குழாயில் தொடர் அறுந்துபோகும். இணைப்புகளில் வாஸ்லின் பூசி, இலைகளைத் துடைத்து உலர்த்தி, 10 நிமிடம் விட்டு அளவெடுங்கள். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் குமிழி 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் 7.85 கன மில்லிமீட்டர். இது செடி உறிஞ்சிய நீர். ஆவியான நீர் இதைவிடச் சற்றுக் குறைவு, கொஞ்சம் செல்லிலேயே தங்கும்.

ஐப்பசி அடைமழையில் குமிழி அசைய மாட்டேன் என்று நிற்கும். கருவியைக் குறை சொல்லாமல் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். இலையை ஒட்டிய ஈரக்காற்று விலகியதும் நகரத் தொடங்கும்.

இறங்கும் சர்க்கரை: பட்டை உரிப்பு

மாடித்தோட்டக்காரர்கள் கொய்யாவிலும் மாதுளையிலும் போடும் விண்பதியம் (கிளை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்வது), சர்க்கரையைக் கடத்தும் பட்டைத் திசுவான புளோயம் என்ன செய்கிறது என்பதற்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று. பென்சில் கனமுள்ள கிளையில் 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். வெள்ளைக் கட்டை தெரிந்த பின், அதன் மேல் வழவழப்பாக இருக்கும், புது செல்களை உருவாக்கும் கேம்பியத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாவிட்டால் சில வாரங்களில் புதுப்பட்டை பாலம் போட்டுச் சோதனையை முடித்துவிடும்.

வளையத்துக்கு மேல் இலைகள் வாடுவதில்லை, ஏனென்றால் சைலம் கட்டைக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் இலையில் உருவான சுக்ரோஸ் பட்டையில் உள்ள சல்லடைக் குழாய்கள் வழியாக இறங்கிவந்து வளையத்தின் மேல் விளிம்பில் தேங்குகிறது. அந்த விளிம்பு தடித்து உப்பும். 1930-இல் முன்ச் விளக்கிய அழுத்த ஓட்டம் முன்பு பார்த்த அதே நீர்க்கணக்குதான்: இலைப்பக்கம் சுக்ரோஸ் ஏற்றப்படும்போது திறன் இறங்கி, பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் புகுந்து அழுத்தம் கூடும், வேரிலோ காயிலோ சுக்ரோஸ் இறக்கப்படும்போது தண்ணீர் வெளியேறி அழுத்தம் குறையும். அந்த அழுத்த வித்தியாசம் கரைசலைத் தள்ளுகிறது.

உப்பிய விளிம்பில் ஈரத் தென்னைநார்க்கழிவு வைத்துப் பாலித்தீனால் கட்டினால் அங்கேயே வேர் விடும். வேர் கண்ணுக்குத் தெரிந்த பின் வளையத்துக்குக் கீழே வெட்டித் தொட்டியில் நடலாம். அடிமரத்தில் மட்டும் இந்த வளையத்தைப் போட்டுவிடாதீர்கள், வேர் பட்டினியில் மரமே போய்விடும். வாழையிலும் தென்னையிலும் இதைச் செய்து பயனில்லை. ஒருவிதையிலைத் தாவரங்களில் சைலமும் புளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறியிருப்பதால் உரித்தெடுக்கத் தனிப் புளோயம் வளையமே கிடையாது.